பூனை இல்லாத வீடு

எங்கள் வீட்டில் பூனை இல்லை என்று மேடத்திடம் சொன்னபோது, அதைவிட உறுதியாக எனக்குத் தெரிந்த விஷயம் வேறு எதுவும் இருக்கவில்லை.

மேடம் எங்கள் ஆய்வுக்கூடத்தின் தலைவர். பெரிய மருத்துவமனை ஒன்றின் பின்பக்கத்தில், சலவைப் பிரிவை ஒட்டி எங்கள் இடம் இருக்கிறது. நோயாளிகளின் ரத்தம், சிறுநீர், சீழ் எல்லாம் இங்கே வரும். அதில் கிருமி வளர்கிறதா, வளர்ந்தால் எந்தக் கிருமி, எந்த மருந்துக்குச் சாகும் என்று பார்த்துச் சொல்வது எங்கள் வேலை. நான் நுண்ணுயிரியல் படித்தவள். அதிகம் பேசாமல் செய்யக்கூடிய வேலை என்பதாலேயே எனக்குப் பிடித்திருந்தது.

அன்று காலை மேடத்தின் கையில் இருந்தது என் அப்பாவின் ரத்தத்திலிருந்து கிருமி வளர்த்த தட்டு.

அப்பா லிப்ட் மெக்கானிக். குடிப்பழக்கம் கிடையாது. சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்து கல்லீரலைக் கெடுத்து, அது சுருங்கி முடிச்சு முடிச்சாக ஆகிவிட்டது. சிரோசிஸ் என்று சொன்னதும் சொந்தக்காரர்கள் எல்லாம் ஒரு மாதிரி பார்த்தார்கள். "ஒரு சொட்டு தொடாமலே குடிகாரன்னு பேர் வாங்கிட்டேன். தெரிஞ்சிருந்தா குடிச்சாவது பாத்திருக்கலாம்" என்பார் அப்பா. கால் வீங்கும், உடம்பெல்லாம் அரிக்கும், சில நாள் பேச்சே குழறும். வேறு கல்லீரல் வைத்தால்தான் பிழைப்பார் என்றார்கள். அம்மாவுக்குச் சர்க்கரை. அண்ணனின் ரத்த வகை சேரவில்லை. எனக்குச் சேர்ந்தது. என் கல்லீரலில் ஒரு பாகத்தை வெட்டி அவருக்கு வைப்பதாக முடிவாயிற்று.

"உன் கல்லீரல்லயும் கொஞ்சம் கொழுப்பு இருக்கும்மா, குறைச்சிட்டு வா" என்று டாக்டர் சொன்னார். தினமும் விடிந்ததும் ஓட்டமும் நடையுமாகப் போய்வந்து குறைத்தேன். மேல்படிப்புக்குக் கிடைத்த இடத்தை விட்டேன். கடைசியாகப் பூனையையும் விட்டேன்.

பூனையின் பெயர் மேனேஜர். சலவைப் பிரிவின் பின்னால், கண் திறக்காத குட்டியாகக் கிடந்தான். கையுறை வந்த அட்டைப்பெட்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மற்றவர்கள் வேலை செய்யும்போது எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பான், தானாக ஒன்றும் செய்யமாட்டான். அதனால் அப்பா வைத்த பெயர். வேலையிலிருந்து வந்து நான் செருப்பைக் கழற்றுவதற்குள் என் தோளில் இருப்பான். நான் வீட்டில் யாரிடமும் அதிகம் பேசுகிறவள் இல்லை. அவனிடம் பேசுவேன்.

அவனை அனுப்பச் சொன்னது டாக்டர் இல்லை, நான்தான். நகமும் பல்லும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும்தான் டாக்டர் சொன்னார். நான் தேடித் தேடிப் படித்தேன். நம் எல்லோர் ரத்தத்திலும் அவ்வப்போது கிருமிகள் நுழையத்தான் செய்கின்றன. கல்லீரல் சல்லடை போல நின்று அவற்றைப் பிடித்துத் தின்றுவிடும். சிரோசிஸ் வந்த கல்லீரலுக்குள் ரத்தம் சரியாகப் போகாது, சுற்றி வேறு வழியாகப் போய்விடும். சல்லடையே இல்லாத ரத்தம். பூனையின் எச்சிலில் சாதாரணமாக இருக்கிற ஒரு கிருமி, நமக்கு ஒரு சின்ன வீக்கத்தோடு போய்விடும். அவருக்கு உயிரையே எடுக்கும். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து படம் போட்டு இதையெல்லாம் சொன்னேன். எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். அப்பா மட்டும், "இவன் மேனேஜர் இல்ல, வில்லன்னு சொல்ற" என்றார்.

அண்ணன் தன் சிநேகிதனுக்கு ஊருக்கு வெளியே தோட்டம் இருப்பதாகவும் அங்கே விடலாம் என்றும் சொன்னான். அவன் வண்டியில் கூடையை வைத்தபோது நான் வாசலுக்கே வரவில்லை. பிறகு அவ்வப்போது போனில் படம் அனுப்புவான். புல்லில் உருளும் மேனேஜர். புல்லுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் மேனேஜர். பஸ்ஸில் போகும்போதெல்லாம் அந்தப் படங்களைப் பெரிதாக்கிப் பார்ப்பேன். கொழுத்திருந்தான்.

அதனால்தான் மேடம் கேட்டதும் தயங்காமல் சொன்னேன்.

அப்பாவைச் சேர்த்தது காய்ச்சலோடு. இடது கால் முழங்கால் வரைக்கும் சிவந்து பளபளவென்று வீங்கியிருந்தது. அரித்து அரித்துச் சொறிந்த புண் வழியாகத் தோலில் வழக்கமாக இருக்கும் கிருமி உள்ளே போயிருக்கும் என்று நினைத்து அதற்கான மருந்தை ஏற்றினார்கள். ரத்தம் எடுத்து எங்களுக்கு அனுப்பினார்கள். பாட்டிலை வைத்த மெஷின் கிருமி இருக்கிறது என்று கத்தியது. நுண்ணோக்கியில் பார்த்தால் அவர்கள் நினைத்த உருண்டைக் கிருமி இல்லை, குட்டை குட்டையாகச் சிவப்புக் குச்சிகள். தட்டில் வளர்ந்ததும் சாம்பல் நிறத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள். அந்தத் தட்டைத் திறந்தாலே ஒரு வாடை வரும். எலி இருக்கும் அலமாரியைத் திறந்த மாதிரி. மெஷின் பெயரையும் சொல்லிவிட்டது. பாஸ்டுரெல்லா. பூனை, நாய்களின் எச்சிலில் இருப்பது.

"வீட்ல பூனை, நாய் ஏதாவது இருக்கா?" என்று கேட்டார் மேடம்.

"இல்ல மேடம். ஒரு பூனை இருந்துது. மழைக்காலத்துக்கு முன்னாடியே குடுத்துட்டோம்."

"தெருவுல ஏதாவது கடிச்சுதா?"

"கடிச்சா அம்மா சொல்லியிருப்பாங்க."

"பின்ன எங்கேர்ந்து வந்துது இது?"

யோசித்தேன். அப்பாவிடம் ரத்தம் எடுத்த அதே காலையில் அவசரப் பிரிவுக்கு நாய் கடித்த ஒருவர் வந்திருந்தார். அவருடைய பாட்டிலும் அதே டிரேயில்தான் வந்தது. இரண்டு பேரிடமும் ரத்தம் எடுத்தவர் ரேடியோ.

"பாட்டில் மாறியிருக்கலாம் மேடம்" என்றேன்.

ரேடியோ என்பது நாங்கள் வைத்த பெயர். வார்டு வார்டாகப் போய் ரத்தம் எடுப்பவர். வாய் ஓயாது. ஊசி குத்துவதற்குள் நோயாளியின் பேரப்பிள்ளைகள் பெயரெல்லாம் தெரிந்துகொண்டுவிடுவார். நான் பேசுவதில்லை என்பதால் எனக்கும் சேர்த்து அவரே பேசிக்கொள்வார். "எப்படி இருக்கீங்க? நல்லா இருக்கேண்ணே. டீ வேணுமா? வேணும்ணே, கூச்சமா இருக்கு, நீங்களே வாங்கிட்டு வந்துடுங்க" என்று இரண்டு குரலில் சொல்லிவிட்டு டீ கொண்டுவந்து வைப்பார்.

மேடம் அவரைக் கூப்பிட்டு, எல்லோர் முன்னாலும்தான் கேட்டார்.

"லேபிள் எங்க ஒட்டினீங்க?"

"படுக்கை பக்கத்துலயே மேடம். எப்பவும் அங்கதான் ஒட்டுவேன்."

"பேசிட்டே ஒட்டியிருப்பீங்க."

"பேசுவேன் மேடம். ஆனா கை தப்பா ஒட்டாது."

"அவங்க வீட்ல பூனையே இல்லயாம். இந்தப் பொண்ணு சொல்லுது. அவங்க வீட்ல என்ன இருக்குன்னு அவங்களுக்குத் தெரியாதா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து வார்டுக்குப் போகவேண்டாம், வெளிநோயாளிகளை மட்டும் பார்த்தால் போதும் என்று அவரை மாற்றிவிட்டார்கள். வார்டு டாக்டருக்கு மேடம் போன் செய்து, ஒன்று வளர்ந்திருக்கிறது, ஆனால் ஆள் மாறியிருக்குமோ என்று சந்தேகம், வேறு ரத்தம் அனுப்புங்கள் என்றார். டாக்டர் சின்ன வயது. சந்தேகம் என்றதும் மருந்தை மாற்றாமல் காத்திருந்தார்.

ஏற்றிக்கொண்டிருந்த மருந்து அந்தக் கிருமிக்கு ஆகவே ஆகாது. அது எனக்குத் தெரியும். அது அப்பாவின் கிருமி இல்லை என்றும் எனக்குத் 'தெரியும்'.

அடுத்த நாள் பகலில் அப்பாவுக்கு ரத்த அழுத்தம் விழுந்தது. ஆளை அடையாளம் தெரியவில்லை. அம்மாவைப் பார்த்து, "மூணாவது மாடியில மாட்டிக்கிட்டீங்களா, பயப்படாதீங்க, கதவ மட்டும் இழுக்காதீங்க" என்றாராம். தீவிர சிகிச்சைக்குக் கொண்டுபோனார்கள். அதே நேரத்தில் புதிதாக வந்த பாட்டிலுக்கும் மெஷின் கத்தியது. இந்த முறை ரத்தம் எடுத்தது நர்ஸ். அதே குச்சிகள், அதே வாடை.

மேடம் போனை எடுத்து மருந்தை மாற்றச் சொன்னார். பென்சிலின் வகை. சாதாரண மருந்துதான். முதல் நாளே போட்டிருக்கலாம்.

ரேடியோவைத் தேடிப் போனேன். வெளிநோயாளிகள் வரிசையில் ஒருவருக்கு ஊசி குத்திவிட்டுப் பஞ்சை அழுத்திக்கொண்டிருந்தார். பேசவில்லை. அந்த மனிதர் பேசாமல் ரத்தம் எடுத்து நான் பார்த்ததே கிடையாது.

"அண்ணே, பாட்டில் மாறல" என்றேன்.

"தெரியும்."

"மன்னிச்சிடுங்க. மேடம்கிட்டயும் சொல்லிட்டேன்."

அவர் அடுத்த ஆளின் கையில் பட்டையைக் கட்டினார். "லேபிள் ஒட்டறப்ப உங்கப்பா என்ன சொன்னார் தெரியுமா? நல்லா ஒட்டுப்பா, அங்க என் பொண்ணுதான் பார்ப்பா, கோணலா இருந்தா திருப்பி அனுப்பிடுவான்னார். ரெண்டு பேரும் சிரிச்சோம்." பிறகு, "விரல மடக்குங்க சார்" என்றார். அது எனக்கு இல்லை.

வீட்டில் அம்மா துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். நேராகக் கேட்டேன்.

"அப்பா எங்கயாவது பூனையத் தொட்டாரா?"

"பூனையா? நம்ம வீட்ல ஏது?"

"வீட்ல இல்ல. வேற எங்கயாவது."

"அவர் எங்க போறார்? சாயங்காலம் அத்தை வீடு வரைக்கும் நடந்துட்டு வருவார். வேற எங்கயும் இல்ல." மடித்த துணியை உதறி மறுபடி மடித்தாள். "கொசு கடிச்சிருக்கும். எதுக்கெடுத்தாலும் கிருமி கிருமின்னுட்டு."

அந்தத் துணி ஏற்கெனவே ஒழுங்காகத்தான் மடித்திருந்தது.

அத்தை அப்பாவின் தங்கை. இரண்டு தெரு தள்ளித் தனியாக இருக்கிறாள். துணி தைக்கிற வேலை. முன்னறையில் மெஷின், சுவரெல்லாம் தைத்து முடித்த சட்டைகள். நான் அங்கே போய் ரொம்ப நாள் ஆகியிருந்தது. எப்போது வரட்டும் என்று கேட்டாலும், "ஆஸ்பத்திரியும் வீடுமா அலையற, நீ எதுக்கு வந்துகிட்டு, நானே வரேன்" என்பாள். அக்கறை என்று நினைத்திருந்தேன்.

கதவைத் தட்டியதும், "யாரு?" என்றாள்.

"நான்தான் அத்தை."

உள்ளே நாற்காலி இழுபடும் சத்தம். ஒரு கதவு சாத்தும் சத்தம். பிறகு வந்து திறந்தாள்.

"வாடா. அண்ணன் எப்படி இருக்கு? உக்காரு, இரு, துணி கெடக்கு, அத எடுத்துட்டு உக்காரு."

ஜன்னலோரம் இருந்த நாற்காலியில் உட்காரப்போனேன். மெத்தை குழிந்திருந்தது. நீலத் துணி, அதன்மேல் வெள்ளையும் பழுப்புமாக முடி. ஜன்னல் விளிம்பில் அப்பாவின் மூக்குக்கண்ணாடி. வீட்டில் தொலைந்துபோனது என்று புதிதாக வாங்கினோமே, அந்தப் பழையது.

சாத்திய கதவுக்குப் பின்னால் ஒருவன் கத்தினான். பசி வந்தால் ஒரு விதம், கதவு சாத்தினால் ஒரு விதம். இது கதவுக்கு.

"அத்தை, கதவத் திறங்க" என்றேன்.

"அது... பக்கத்து வீட்டுது."

"அவன் குரல் எனக்குத் தெரியாதா அத்தை?"

அவள் திறந்தாள். மேனேஜர் வெளியே வந்தான். படத்தில் பார்த்ததைவிடவும் கொழுப்பு. என்னைப் பார்த்து நின்றான். நேராக அத்தையிடம் போய் அவள் காலைச் சுற்றினான்.

"தங்கம், இங்க வா, யாரு வந்திருக்கா பாரு" என்றாள் அத்தை. பெயரையும் மாற்றிவிட்டார்கள்.

நான் பின்பக்கம் போனேன். துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், சுவரோரமாக, ஒரு துண்டு அகலத்துக்குப் புல் வளர்ந்திருந்தது. உட்கார்ந்து பார்த்தேன். தரையோடு தரையாகப் பார்த்தால் புல் பெரிதாகத் தெரிகிறது. சுவர் தெரியாது. கல் தெரியாது. அண்ணன் தரையில் படுத்துத்தான் எடுத்திருக்க வேண்டும். சட்டை அழுக்காகியிருக்கும். எவ்வளவு சிரத்தை.

"அதுவா, அது வந்து..." அத்தை பின்னால் நின்றுகொண்டு கைகளைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். ஈரம் எதுவும் இல்லை. "எங்கண்ணன், உங்கப்பா, தினம் வரும். ஒரு மணிநேரம் மடியில வெச்சுட்டு உக்காந்திருக்கும். அதுக்கு அதுதான் மருந்து. பாத்தா பாவமா இருக்கும். உன்கிட்ட சொன்னா நீ ஒத்துக்க மாட்ட."

"எல்லாருக்கும் தெரியுமா?"

அவள் குனிந்து கல்லில் கிடந்த ஒரு நூலை எடுத்தாள்.

"அம்மாவுக்கு?"

"அவதான் தீனி வாங்கித் தருவா" என்றாள் அத்தை. "இப்பவே வேணும்னாலும் கூட்டிட்டுப் போ. கூடையில போட்டுத் தரேன். உன் பூனைதானே."

மேனேஜர் நீல மெத்தையில் ஏறி, குழியில் சரியாகப் பொருந்திப் படுத்துக்கொண்டான்.

"வேண்டாம் அத்தை" என்றேன்.

தெருவில் நடக்கும்போதுதான் அழுகை வந்தது. அப்பாவின் காலை நினைத்தோ பூனையை நினைத்தோ இல்லை. பஸ்ஸில் நான் அந்தப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருப்பதை அம்மா எத்தனையோ தடவை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். "சந்தோஷமா இருக்கான் பாரு" என்று அவளே சொல்லியிருக்கிறாள். அது நினைவுக்கு வந்தது.

மருந்து வேலை செய்தது. காய்ச்சல் விட்டது. அப்பாவை மறுபடி வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். நான் போனபோது தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து நர்சிடம் ஏதோ சொல்லிச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தார். கண் மஞ்சளாக இருந்தது.

"டாக்டரம்மா வந்தாச்சு. எல்லாரும் நேரா உக்காருங்க" என்றார்.

நர்ஸ் போகும் வரை காத்திருந்தேன்.

"அத்தை வீட்டுக்குப் போயிட்டு வந்தேன்பா."

அவர் போர்வையைச் சரிசெய்தார். "துணி ஏதாவது தைக்கக் குடுத்தியா?"

"மேனேஜரப் பாத்தேன்."

போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்த கை நின்றது.

"புண்ண நக்குவானா?" என்றேன். அதை நான் ஆய்வுக்கூடத்துக் கேள்வியாகத்தான் கேட்டேன்.

"உனக்கு அந்த அரிப்பு எப்படி இருக்கும்னு தெரியாது. தோலுக்கு மேல இல்ல, தோலுக்கு அடியில அரிக்கும். சொறிஞ்சா ரத்தம் வரும், அரிப்பு போகாது. அவன் நாக்கு சொரசொரன்னு இருக்கும்ல. ஒரு பக்கத்துலேர்ந்து ஆரம்பிச்சு நிதானமா நக்கிட்டே வருவான். அப்படியே தூங்கிடுவேன். ராத்திரி ஒரு பொட்டு தூக்கம் கிடையாது. அங்கதான் தூங்குவேன்."

"அது உங்கள கொன்னிருக்கும்."

"சொன்னாங்க."

"யாரோட யோசனை இது? அம்மாவோடதா?"

"அம்மாவ ஒண்ணும் சொல்லாத."

"கேக்கறேன்ல."

"லிப்டுல ரெண்டு மாடிக்கு நடுவுல நிக்கறவன்கிட்ட..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். என் முகத்தில் என்ன பார்த்தாரோ. "நான்தான் சொன்னேன். அண்ணன்கிட்டயும் அத்தைகிட்டயும். பாப்பாவுக்குத் தெரிய வேண்டாம்னு நான்தான் சொன்னேன்."

"ஏம்பா? நான் உங்களுக்காகத்தானே அவன விட்டேன்."

"அதான். எல்லாம் எனக்காகத்தான் செய்யற. ஓடற, சாப்பிடாம கெடக்கற, படிப்ப விட்டுட்ட. நான் தண்ணி குடிச்சா எவ்வளவுன்னு பாக்கற. உப்பு போட்டா பாக்கற. உன்னப் பாத்தாலே எனக்கு ஆஸ்பத்திரி ஞாபகம்தான் வருது." தன் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அங்க போய் உக்காந்தா நான் நோயாளி இல்ல. அதுகிட்ட எனக்கு ஒரு பயமும் இல்ல."

"என்கிட்ட பயமா?"

"ஆமா" என்றார்.

கேட்டதற்கு உண்மையைச் சொல்லிவிட்டார். நான் வேறு என்ன எதிர்பார்த்தேன் என்று தெரியவில்லை. எழுந்து வந்துவிட்டேன். பூனையை என்னிடமிருந்து மறைக்கவில்லை அவர்கள். என்னிடமிருந்து அப்பாவை மறைத்து வைத்திருந்தார்கள். நான் ஓடி ஓடிக் கொழுப்பைக் குறைத்த காலைகளிலெல்லாம், சாயங்காலம் என்னிடமிருந்து தப்பித்துப்போக அவருக்கு ஓர் இடம் இருந்தது. கதவு திறக்க, தீனி வாங்க, படம் எடுக்க ஆட்களும் இருந்தார்கள்.

கிருமி முழுதாகப் போனதும் ஆபரேஷனுக்குத் தேதி குறித்துவிடலாம் என்றார்கள். அதற்கு முன் தானம் கொடுப்பவரை ஒரு டாக்டர் தனியாகப் பார்க்க வேண்டும். ஆபரேஷன் செய்கிறவர்களோடு சேராதவர். நடுத்தர வயதுப் பெண். அறையில் மேஜை இல்லை, எதிரெதிராக இரண்டு நாற்காலிகள்தான். வெளியே நடைவழியில் அம்மா, அத்தை, அண்ணன் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"யாராவது கட்டாயப்படுத்தறாங்களா?" என்று கேட்டார்.

"இல்ல டாக்டர். நானேதான் சொன்னேன்."

"இப்பவும் அதே மனசுதானா?"

பள்ளிக்கூடத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எழுந்து நிற்பேனே, அப்படி எழுந்துவிட்டேன். அவர் உட்காரச் சொன்னார். அவசரமில்லை என்றார். நான் சொன்னேன். பூனை, புல், பாட்டில், ரேடியோ அண்ணன், நாற்காலியில் இருந்த குழி. சொல்லச் சொல்ல எல்லாம் சின்ன விஷயமாகத் தெரிந்தது. அவர் சிரிக்கவில்லை.

"உங்களுக்கு என்ன தோணுது?"

"அவர் சாகக்கூடாது. ஆனா நான் ஆபரேஷன் மேஜையில படுக்கற மாதிரி நினைச்சுப் பாக்கறேன், முடியல. முன்னாடி நினைச்சா பயமா இருக்கும், அவ்வளவுதான். இப்ப..." வார்த்தை தேடினேன். "என் கல்லீரல் யாரோட வயித்துக்கோ போற மாதிரி இருக்கு."

அவர் முன்னால் சாய்ந்தார். "ஒண்ணு சொல்றேன். இது எல்லார்கிட்டயும் சொல்றதுதான். நீங்க வேண்டாம்னு சொன்னா, காரணம் இந்த ரூமைத் தாண்டாது. உங்க ரத்தக்குழாய் அமைப்பு ஒத்துவரலன்னு நாங்களே வீட்ல சொல்லிடுவோம். யாரும் உங்கள ஒரு கேள்வி கேக்க மாட்டாங்க. அப்பா பேர இறந்தவங்க தர்ற தானத்துக்குக் காத்திருக்கறவங்க வரிசையில சேத்துடுவோம். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். அதையும் தெரிஞ்சுக்கிட்டுத்தான் நீங்க சொல்லணும்."

நல்ல பொய். அக்கறையான பொய். யாருக்கும் வலிக்காது. அம்மா என்னைக் கட்டிக்கொண்டு, உன் மேல என்ன தப்பு என்பாள். அண்ணன் தோளில் தட்டுவான். எனக்கென்று ஒரு புல்தரை, தரையோடு படுத்து எடுத்தது. நான் அதை ரொம்ப நேரம் விரும்பினேன்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம் டாக்டர். நானே சொல்லிக்கறேன்" என்றேன்.

"என்னன்னு?"

"முடியாதுன்னு."

"பிறகு மனசு மாறினா?"

"மாறினா அதையும் நானே வந்து சொல்றேன்."

வெளியே வந்ததும் மூன்று பேரும் எழுந்தார்கள்.

"தேதி குடுத்துட்டாங்களா?" என்றாள் அம்மா.

"இல்லம்மா. நான் முடியாதுன்னுட்டேன்."

"என்னத்த முடியாதுன்ன?"

"குடுக்க முடியாதுன்னு."

அம்மா டாக்டரின் கதவைப் பார்த்தாள், உள்ளேயிருந்து வேறு யாராவது வந்து வேறு ஏதாவது சொல்வார்கள் என்பதுபோல. "ஏதாவது சொன்னாங்களா? உனக்கு உடம்புல ஏதாவது...?"

"எனக்கு ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கேன்."

அண்ணனுக்குத்தான் முதலில் புரிந்தது. "ஒரு பூனைக்காகவா? பெத்த அப்பன்..."

"பூனைக்காக இல்லண்ணா."

"பின்ன எதுக்கு? நாங்க என்ன கொலையா பண்ணிட்டோம்? மனுஷன் கொஞ்சம் நிம்மதியா இருக்கட்டும்னு ஒரு விஷயத்த உன்கிட்ட சொல்லல. அவ்வளவுதானே."

"ஆமா. அவ்வளவுதான்."

"எங்ககிட்ட கோவப்படு. திட்டு. அவர எதுக்குத் தண்டிக்கற?"

"தண்டிக்கல. என்கிட்ட கேட்டிருந்தா, புண்ண மூடிட்டு மடியில வெச்சுக்கங்கன்னு சொல்லியிருப்பேன்" என்றேன். சொன்ன பிறகு அது நிஜமா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. "இல்ல. சொல்லியிருக்க மாட்டேன். சண்டை போட்டிருப்பேன். ஆனா சண்டை போட்டிருப்போம்ல. நானும் இருந்திருப்பேன்ல அதுல."

அத்தை அழ ஆரம்பித்தாள். அண்ணன் அவளைப் பிடித்து உட்காரவைத்தான். அம்மா அழவில்லை. அவளை இவ்வளவு கிட்டத்தில் பார்த்து நாளாயிற்று. காதோரம் நரைத்திருந்தது.

"டாக்டர்கிட்ட சொல்லி வேற ஏதாவது காரணம் சொல்லச் சொல்லலாம்ல" என்றாள் மெதுவாக. "உனக்கு ரத்தம் சேரலன்னோ என்னமோ. அவர் தாங்க மாட்டார். அவர்கிட்ட மட்டும் இத சொல்ல வேண்டாம்."

டாக்டர் சொன்ன அதே பொய் அவளுக்கு யாரும் சொல்லித்தராமலே வந்தது.

"சொல்லணும்மா."

"யாரு சொல்றது?"

"நான்தான்" என்றேன்.

வார்டுக் கதவைத் தள்ளினேன். அப்பா விழித்துத்தான் இருந்தார். இந்தத் தடவை நேராக உட்காருங்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. ஸ்டூலை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.